சம்பந்தியம்மாவுக்கு நெருப்பு

“சன்னலைச் சாத்து, செசிலியா. சூடெல்லாம் வெளிய போவுது,” என்று மனைவியிடம் சொன்னார் தேவநேசன்.

“சாத்துனா நாம வெந்துடுவோம். ரங்கூன் டிசம்பருக்கு ஒரு போர்வை பத்தாதா?”

“நமக்கா மூட்டுறேன்? சம்பந்தியம்மாவுக்கு. அவங்க ஊரு சின் மலையில குளிர்காலம் முழுக்க வீட்டு நடுவுல நெருப்பு வெச்சு, சுத்தி உக்காந்துதான் பேசுவாங்களாம். துறைமுகத்துல என்கூட மூட்டை தூக்குற சின்காரர் சொன்னாரு.”

“இன்னும் பொண்ணே குடுக்கல. அதுக்குள்ள சம்பந்தியம்மாவாம்.”

“இதைப் பாத்ததும் குடுப்பாங்க பாரு.”

கூடத்தின் நடுவில் ஒரு இரும்புச் சட்டி. உடைந்த சரக்குப் பெட்டிப் பலகைகள் அதில் எரிந்துகொண்டிருந்தன. மூட்டை தூக்கிய முதுகுவலியெல்லாம் மறந்து, தேவநேசன் குனிந்து குனிந்து ஊதினார்.

மகன் தாமஸும் மாவியும் ரங்கூன் புறநகர் ஷ்வேப்யிதாவில் ஒரே தையல் ஆலையில் வேலை. இரண்டு வருடமாக விரும்புகிறார்கள். மாவியின் அம்மாதான் இன்னும் சரி சொல்லவில்லை. வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு என்று மலையிலிருந்து பஸ் ஏறிவிட்டார். தாமஸும் மாவியும் அழைத்துவரப் போயிருந்தார்கள். நெருப்பு ஏற்பாடு அவர்களுக்குத் தெரியாது. வந்து அசரட்டும் என்று தேவநேசன் சொல்லவில்லை.

கதவு திறந்தது.

“அப்பா, என்ன இது? வீடு பத்திக்கிச்சா?”

“சும்மா இருடா. அவங்க ஊரு மரியாதை.”

சால்வை போர்த்திய மாவியின் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இருமினார். விடாமல் இருமினார்.

“பாத்தியா, எவ்வளவு குளிர்ல வந்திருக்காங்க,” என்று தேவநேசன் இன்னும் இரண்டு பலகை போட்டார்.

செசிலியா கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்து, டீயை நீட்டினாள். மாவியின் அம்மா அதை வாங்கினார். நெருப்பைப் பார்த்தார். பிறகு டீ முழுவதையும் சட்டியில் ஊற்றினார்.

சுர்ரென்று புகை எழுந்தது. தாமஸின் முகம் செத்துப்போனது.

மாவியின் அம்மா பர்மிய மொழியில் நிதானமாகப் பேசினார்.

“மலையில கேட்ட யாருக்கும் நான் மாவியைக் குடுக்கல. அவ அப்பா நெஞ்சை இந்தப் புகைதான் தின்னுச்சு, இப்ப என் நெஞ்சையும் தின்னுது. வீட்டுக்குள்ள நெருப்பு எரியாத ஊரு ரங்கூன்னுதான் இவ்வளவு தூரம் சரி சொல்ல வந்தேன். இன்னொரு டீ குடுங்க, மிச்சத்தையும் அணைச்சுட்டுச் சொல்லிடறேன்.”