டொரான்டோவிலிருந்து எவ்வளவு தூரம்?

"ரெண்டு பையனுமே கடலூர்க்காரங்கதான். ஒருத்தன் நியூயார்க்ல இருக்கான், ஒருத்தன் சிட்னியில. நீயே சொல்லும்மா," என்று ஜாதகங்களை மூத்த மகள் வெண்மதியிடம் நீட்டினார் ராஜமாணிக்கம். தங்கை இளவரசிக்கு மாப்பிள்ளை முடிவு செய்யவே டொரான்டோவிலிருந்து சிதம்பரத்துக்குத் தனியாக வந்திருந்தாள் அவள்.

பிரவுசிங் சென்டரில் எடுத்துவந்த தாளை வெண்மதி பார்த்தாள். டொரான்டோவிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். சிட்னிக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர், இருபத்திரண்டு மணி நேரம்.

"சிட்னி மாப்பிள்ளதாம்பா."

"ஏன்டி, நியூயார்க்னா ஒனக்குப் பக்கத்துலயே இருப்பா. நல்லது கெட்டதுன்னா ஓடிப் போயி பாத்துக்கலாமே?" என்றாள் அம்மா.

"பக்கத்துல இருந்தா தெனம் ஒரு வம்புதாம்மா. சிட்னி பையனுக்குச் சம்பளமும் ஜாஸ்தி."

ஐந்து வருடங்களுக்கு முன்பு வெண்மதியைப் பெண் பார்க்க வந்த சித்தார்த், பலகாரத் தட்டு கொண்டுவந்த இளவரசியைத்தான் கேட்டான். மூத்தவள் இருக்க இளையவளைத் தருவதில்லை என்று அப்பாதான் பேசி, வெண்மதியைக் கட்டிக்கொள்ள அவனைச் சம்மதிக்க வைத்தார். இன்றைக்கும் டொரான்டோவிலிருந்து அவன் போனில் முதலில் விசாரிப்பது இளவரசியைத்தான். அந்தப் பழைய பேச்சு தங்கைக்குத் தெரியாது என்றே வெண்மதி நினைத்திருந்தாள்.

அடுப்படியிலிருந்து வந்த இளவரசி, சிட்னி ஜாதகத்தை எடுத்துக்கொண்டாள்.

"தூரத்த நானும் நேத்தே பாத்துட்டேன்க்கா. மாமா லீவு போட்டுட்டு வந்துடற தூரம் இல்ல. நீ நிம்மதியா இரு."