பச்சை மூக்கு பூத்துவிட்டது

"பச்சை மூக்கு இன்னைக்குக் காலையில பூத்துடுச்சு, மிஸஸ் லாட்டன்" என்றார் நெவில். காதில் ஃபோன், பார்வை ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுத் தோட்டத்தில்.

"வெளியிதழ் நுனியில பச்சை நல்லா இறங்கியிருக்கா?"

"இறங்கியிருக்கு. உள்ளிதழ்ல கவுத்துப்போட்ட 'வி' மாதிரி ஒரு கோடு."

"உள்ளிதழா? அப்ப மண்டி போட்டுப் பார்த்தீங்களா?"

"பின்னே? பேன்ட் முட்டியெல்லாம் ஈரம்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "போச்சு. நீங்களும் எங்க பைத்தியக்காரக் கூட்டத்துல சேர்ந்துட்டீங்க."

பக்கத்து வீட்டு மிஸஸ் லாட்டன் ஜனவரியில் உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர். நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவருடைய ஸ்னோடிராப் தோட்டம் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். மற்றவர்கள் கண்ணுக்கு எல்லாமே பனிக்காலம் முடியும்போது பூக்கிற, தலை கவிழ்ந்த குட்டி வெள்ளைப் பூதான். அந்தம்மாவுக்கு ஒவ்வொன்றும் தனி ரகம், 'பச்சை மூக்கு' மாதிரி தனிப் பெயர். ஒரு கிழங்குக்காக ஸ்காட்லாந்துவரை ரயிலில் போய் வந்தவர்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை. "நான் இல்லாமலே எல்லாம் பூக்கப்போகுது. எது எது வந்திருக்குன்னு மட்டும் சொல்றீங்களா?" என்று நெவிலிடம் கேட்டார். குப்பைத்தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதைத் தவிர இருவரும் அதுவரை பெரிதாக எதுவும் பேசிக்கொண்டதில்லை.

நெவில் சரி என்று தலையாட்டினார்.

அடுத்த வாரமே அது நடந்தது. அவர் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து யாரோ வேனில் வந்து, நல்ல விலை போகும் அந்தச் செடிகளைப் பாத்தி பாத்தியாகக் கிழங்கோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ஜன்னலுக்கு வெளியே இருந்தது கிளறிப்போட்ட கறுப்பு மண் மட்டும்தான்.

போலீஸுக்குச் சொன்னார். வந்து பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடத்தான் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தார். எடுத்த நர்ஸ், "தோட்டத்தைப் பார்க்கணும்னு சொல்லிச் சொல்லித்தான் அந்தம்மா எழுந்து நிக்கவே பழகுறாங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை அவரிடம் கொடுத்தாள். "என்ன பூத்திருக்கு, நெவில்?" என்றது அந்தக் குரல். வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டார்.

ஒரு பொய்யோடு அது நிற்கவில்லை. லைப்ரரியில் ஸ்னோடிராப் படப்புத்தகம் எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். வாழ்நாளில் ஒரு செடி வைத்தறியாத மனுஷன், எந்த ரகத்தில் பச்சைப் புள்ளி ஒன்று, எதில் இரண்டு என்றெல்லாம் சரளமாகப் பேச ஆரம்பித்தார்.

சாயங்காலம் நெருங்கினால் சட்டையை மாற்றிக்கொள்வார். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போடுவார். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் ஃபோன் அடித்தால் பெரும்பாலும் ராங் நம்பராகத்தான் இருக்கும். இப்போது பேசி முடித்து வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடுவது போலிருந்தது. ரேடியோவைப் போடுவார், ஆனால் எதுவும் காதில் விழாது.

ஒரே ஒரு பயம்தான் அவருக்கு. 'கட்டில் பக்கத்துல வெச்சுக்கணும், ஒரு பூ கிள்ளி அனுப்புங்க' என்று அந்தம்மா கேட்டுவிட்டால்? நல்லவேளை, அவர் கேட்கவே இல்லை.

மார்ச் பிறந்தது. "வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்க" என்றார் மிஸஸ் லாட்டன்.

நெவில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். செடி விற்கும் நர்சரிக்குப் போனார். சாதாரண ஸ்னோடிராப் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். ஊரை ஏமாற்றலாம், அந்தக் கண்ணை ஏமாற்ற முடியாது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது அவர் கேட் பக்கத்தில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். மிஸஸ் லாட்டன் வாக்கரைப் பிடித்தபடி அடிமேல் அடிவைத்து வந்தார். ஃபோன் குரலைவிட ஆள் சின்னதாகிப் போயிருந்தார்.

"மிஸஸ் லாட்டன், உள்ளே போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் தினமும் சொன்னது எதுவும்..." நெவில் பாத்திப் பக்கம் கை காட்டினார். "எதுவும் நிஜமில்லை. நீங்க போன அடுத்த வாரமே எல்லாத்தையும் திருடிட்டாங்க. சொல்ல மனசு வரலை. மன்னிச்சிடுங்க."

அந்தம்மா பாத்தியைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. முகத்தில் மட்டும் அதிர்ச்சியே இல்லை.

"தெரியும், நெவில். போலீஸ்காரர் மறுநாளே வார்டுக்கு வந்து சொல்லிட்டார்."

"மறுநாளேவா?" நெவில் திகைத்துப் போனார். "அப்புறம் எதுக்குத் தினமும் இதழ் எப்படி, கோடு எப்படின்னு அவ்வளவு கேட்டீங்க?"

மிஸஸ் லாட்டன் அவர் முகத்தைப் பார்க்காமல், வாக்கரின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பூவே இல்லைன்னு ஆயிட்டா, நீங்க எதுக்கு எனக்கு ஃபோன் பண்ணப்போறீங்க?"