துரைராசுவின் மெயில்

“லியோ, உங்க ஆபீஸ்ல ஒரு துரோகி இருக்கார்.”

கவிப்ரியா உட்காரக்கூட இல்லை. நன்னிலத்திலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் காரில் இந்த ஒரு வரியைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

லியோ பதறி எழுந்தான். “யாரு மேடம்?”

“உங்க சர்வரைப் பாத்துக்கற துரைராசு. இதைப் படிங்க.”

போனை நீட்டினாள். மெயில் நாலே வரி. ‘மேடம், லியோ ஹோஸ்டிங்கோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள். கிளவுடுக்குப் போய்விடுங்கள். இந்த மாதமே போய்விடுங்கள். இப்படிக்கு, துரைராசு.’

“உங்க சோத்தைத் தின்னுட்டு உங்க கஸ்டமரையே வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடறாரு!”

லியோ படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கவிப்ரியா ஒரு விதைநெல் கம்பெனியின் கணினிப் பிரிவுக்குத் தலைவி. விதைச் சான்று, மண் பரிசோதனை அறிக்கை, எந்த மண்ணுக்கு எந்த ரகம் என்ற குறிப்பு என்று கம்பெனியின் அறுபதாயிரம் பக்கமும் ஒரே இணையதளத்தில் இருந்தது. ஆறு வருஷமாக அதைத் தன் சர்வரில் வைத்து, காவலும் காப்பது லியோ. இப்போது எம்.டி. கழுத்தைப் பிடிக்கிறார். “லியோவா, கிளவுடா? நாலு மணிக்குள்ள ஒரே வார்த்தையில சொல்லும்மா. ரெண்டாவது வார்த்தை எனக்குப் புரியாது.”

அவள் மனசு லியோ பக்கம்தான். மனசு என்ன, பக்தி!

ஊரெல்லாம் ஆயிரம் சர்வர் வைத்து வாடகைக்கு விடும் கிளவுட்காரர்களுக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் பேசும். இங்கே இரண்டாவது ரிங்கில் கயல்விழி எடுப்பாள். “சொல்லுங்க மேம்ம்ம், பாத்துடலாம் மேம்ம்ம்!” பாதுகாப்புக்கு சலாஹுதீன். “ஒரு ஈ உள்ள நுழையாது மேடம், நான் பொறுப்பு.” பெரிய கோளாறு என்றால் துரைராசு. முதலில் ஒரு இருமல். அப்புறம் ஒரு “ம்ம்.” அப்புறம், “ஆயிடுச்சு, பாரும்மா.” அவ்வளவுதான். எல்லாம் போனில்தான்.

புயல் வந்த அன்றைக்கு டெல்டா மொத்தமும் தளத்தில் வந்து விழுந்தது. மூன்று பேரும் மாறி மாறிப் பேசி, விழாமல் தூக்கிப் பிடித்தார்கள். கவிப்ரியாவுக்கு இன்னும் புல்லரிக்கும். அதில் ஒருத்தர் இப்படிச் செய்யலாமா?

“அவரை இன்னைக்கே அனுப்பிடுங்க லியோ.”

“முடியாது மேடம்.”

“ஏன், பயமா?”

“அவர் போனா மத்தவங்களும் போயிடுவாங்க.”

“அப்ப கூப்பிடுங்க. நானே கேக்கறேன்.”

“சர்வர் ரூம்ல இருக்கார். கொஞ்சம் கூச்ச சுபாவம். இருங்க, வர்றேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பிளைவுட் கதவு. எல்லாம் கேட்டது.

“என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?” இது லியோ.

இருமல். “உள்ளதைத்தானே எழுதுனேன்.”

“மேடம் கம்பெனி போயிட்டா நமக்கு என்னண்ணே மிச்சம்? ரெண்டு கல்யாண மண்டபம், ஒரு ஸ்வீட் ஸ்டால்.”

“அதுக்காக? மேட்டூர் திறந்து குறுவைக்கு விதை எடுக்கிற அன்னைக்கு ரெண்டு லட்சம் பேரு ஒரே காலையில வந்து நிப்பாங்க. போன வருசம் எழுபதாயிரத்துக்கே மூச்சு முட்டுச்சு. நம்மளது ஒத்தக் கண்ணு மதகு தம்பி, ஒரே வழியாத்தான் தண்ணி போகும். கிளவுடுன்னா, தண்ணி ஏற ஏறக் கண்ணு தானா முளைக்கும். வடிஞ்சா தானா மூடிக்கும். அதைக் கையால செய்ய எந்த மனுசனாலயும் ஆகாது.”

“நான் கண்ணு முழிச்சுப் பாத்துக்கறேண்ணே.”

“உனக்கு ஒரு காய்ச்சல் வந்தா? நாத்தங்காலை உழுது போட்டுட்டு, எந்த விதைன்னு தெரியாம நிக்கறவன் உன் காய்ச்சலையா வந்து விசாரிப்பான்?”



வெளியே கவிப்ரியாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. யாரைப் போய்த் துரோகி என்றாள்! இந்த மனுஷன் முகத்தை ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஆளுயர சர்வர் அலமாரி. பச்சை விளக்குகள் கண்சிமிட்டின. ஒரு ஸ்டூல். அதில் லியோ மட்டும்.

வேறு வாசல் இல்லை. ஜன்னல்கூட இல்லை.

“துரைராசு எங்கே?”

லியோ தலையைக் குனிந்துகொண்டு இருமினான். அதே இருமல்.

“அப்ப... சலாஹுதீன்?”

“ஒரு ஈ நுழையாது மேடம்.” கட்டைக்குரல்.

“ஐயையோ... கயல்விழியுமா?”

“லைன்லதான் இருக்கேன் மேம்ம்ம்!” கல்லூரிப் பெண் ஒருத்தி கலகலவென்று சொன்னாள், அவன் மீசைக்குக் கீழேயிருந்து.

கவிப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புயல் நாள் முழுக்க, ஒரே ஆள்! ஒரு கம்பெனியே ஒரு தொண்டைக்குள்!

“ஒத்த ஆள்னா யாரும் நம்பி வேலை தரமாட்டாங்க மேடம். அதான்...” இது லியோவின் குரல்.

“அது கிடக்கட்டும். கிளவுடுக்குப் போங்கன்னு நீங்களே சொல்லியிருக்கலாமே? துரைராசு எதுக்கு?”

“ஆறு தடவை போன் பண்ணேன் மேடம். என் குரல்ல பேசுனா, ஒவ்வொரு தடவையும் ‘எங்களோடயே இருங்க மேடம்’னுதான் வந்துச்சு.”