கவுன்சிலர் வீட்டு ஓட்டு

"இன்னைக்குக் கூட்டத்துக்கு நீங்க போகக் கூடாதுப்பா."

சிவப்ரியா சொல்லியே விட்டாள். 'அப்பாகிட்ட என்ன வேணும்னாலும் கேளு, இத மட்டும் கேட்டுராத' என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்த கோரிக்கை அது.

கண்ணாடி முன்னால் திருநீறு பூசிக்கொண்டிருந்த கோமதிநாதனின் கை நெற்றியிலேயே நின்றது.

"ஏட்டி, என்ன சொன்ன?"

"பொம்பளைப் பிள்ளைய விடுதி தீர்மானம் இன்னைக்கு ஓட்டுக்கு வருது. ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்காவ. நம்ம வார்டு கை தூக்குனா விடுதி வரும். நீங்க போய் அதக் கெடுக்கப் போறிய."

"கெடுக்கத்தான் போறேன். வயசுப் பிள்ளைய வெளிய தங்குனா ஊரு என்னத்துக்காவும்?"

"கடைசி பஸ்ஸ விட்டுட்டு, கடையில வேல பாக்குற குருவிகுளத்துப் பிள்ளைய விடிய விடிய பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கு. அதுல ஊரு ஒண்ணும் ஆவாதா?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "அண்ணாச்சி, ராகுகாலம் முடிஞ்சுட்டா? இல்ல, ஆடித்தபசு முடிஞ்சு வரட்டா?" என்று கத்தினான் யாகூப்.

"வாரேம்ல, இரு!" கோமதிநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் பயலப் பாரு. செங்கொடிக்காரன். மொத மொத ஜெயிச்ச அன்னைக்கு, அப்பம் ஓட்டிக்கிட்டிருந்த தறிய நிறுத்திட்டு ஓடியாந்து ஒன்னத் தோள்ல தூக்கி வச்சு ஆடுனான். ஞாபகம் இருக்காட்டி?"

இல்லாமலா? தெரு முழுக்கத் தறிச்சத்தம் ஓய்ந்து போன ஒரே பகல் அது. வாய் நிறையச் சீனி, தலை நிறையச் சரவெடிக் காகிதம். காதல் கல்யாணத்துக்கும் கலப்புக் கல்யாணத்துக்கும் சொந்தச் செலவில் பந்தல் போடுகிற தெரு. அந்தப் பந்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அப்பா. ஆனாலும் குழாயில் தண்ணீர் நின்றால், விடியும் முன்னே வால்வைத் திருகிக்கொண்டு நிற்பவர் அவர்தான். அரசியலுக்கு வந்த புதிதில் இரண்டு முறை டெபாசிட் போனது. அப்புறம் இரண்டு தேர்தலாக வார்டு இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. திருவிழாக் கூட்டத்தில் அவர் விரலைப் பிடித்து நடந்தால், "கவுன்சிலர் அண்ணாச்சி வாராவ" என்று வழி தன்னாலே விலகும்.

சிவப்ரியா கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்குப்பா. என்னய ஹாஸ்டல்ல விடமாட்டேன்னு சொன்னதும் ஞாபகம் இருக்கு. நம்ம வீட்டுல மொத டிகிரி. பாதிப் பாடத்த திருநெல்வேலி பஸ்ஸுல கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே படிச்சேன்."

"அதான் மானம் மரியாதையோட திரும்பி வந்துட்டியே!"

"எனக்கு பஸ் இருந்துச்சு. அவளுவளுக்கு இல்ல."

"நாலு எழுத்துப் படிச்சா நாக்கு நீளுமோ?" கோமதிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இது என் வார்டு. எம் மொகத்துக்கு விழுந்த ஓட்டு. அத எங்க போடணும்னு நீ எனக்குச் சொல்லாத."

"ஒங்க மொகத்துக்கா?"

அவர் செருப்பைத் தேடினார்.

சிவப்ரியாவும் அதற்கு மேல் வழக்காடவில்லை. இந்தப் பேச்சு இப்படித்தான் முடியும் என்று அவளுக்கு நேற்றே தெரியும். விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனாள். புதுச்சேலை கட்டி, கதவோரம் நின்றுகொண்டிருந்த அம்மா அகிலாண்டேஸ்வரியின் கையைப் பிடித்து, அப்பாவைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள்.

"நடம்மா, ஆட்டோவுல ஏறு. பின் பெஞ்சுல உக்காந்து கனைச்சு ஜாட காட்ட இன்னைக்கு அப்பா வரல. பொம்பளைவளுக்கு ஒதுக்குன வார்டு இது. ரெண்டு தடவையும் ஊரு ஓட்டுப் போட்டது ஒம் பேருக்கு. தூக்குததும் தூக்காததும் ஒங் கை, கவுன்சிலரம்மா!"