குட்டிக்கு ஆகாத வீடு

"நாய் வளக்குறதுன்னா சும்மாவா, மாரிசெல்வி? பொறுப்பு வேணும்" என்றாள் குட்டியைக் கொடுக்க வந்த பிரேமா. மாரிசெல்வியின் தங்கச்சி சினேகாவின் கண்ணோ குட்டியை விட்டு நகரவில்லை.

"பகல்ல யாரு பாத்துக்கிடுவா?"

"சினேகா வீட்லதான் இருக்கா, அக்கா."

"அய்யய்யோ! அவ மடியில என்ன, வெடியா? மருந்து வாடை குட்டிக்கு ஆகாதும்மா. ஒரு பொறி பட்டா வாயில்லா சீவன் எங்கிட்டு ஓடும்? ஒங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

மாரிசெல்விக்குச் சுர்ரென்று ஏறியது. சினேகா பாதி பின்னியிருந்த வெடிச்சரத்தை வாங்கி, பக்கத்திலிருந்த வெடி மூட்டையோடு பிரேமாவின் காலடியில் வைத்தாள்.

"குட்டியோட இதையும் கொண்டு போங்க. 'சின்னப்பிள்ளை வெரலு, வெரசாப் பின்னும்'னு காலையில எறக்கிட்டுப் போனது ஒங்க வீட்டுக்காரருதான்."