குத்துகிற இடம்

"சன்னலையும் சாத்திரு" என்றான் கணவன், கதவுக்கு வெளியிலிருந்து.

சாத்தினாள். ஃபேனையும் நிறுத்தினாள்.

எதிரொலி வரக் கூடாது என்று மூன்று சுவரிலும் கம்பளி தொங்கவிட்டிருந்தான். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. படுக்கையறை வெந்தது. கட்டிலில் ஒரு பக்கம் அவளுடைய கைப்பை. மறுபக்கம் அன்றைய செய்தித்தாள். கையில் அவனுடைய போன்.

கைப்பையின் ஜிப்பைக் காலையிலிருந்து மூன்று முறை திறந்து பார்த்துவிட்டாள். உள்ளே மடித்து வைத்த தாள் பத்திரமாக இருந்தது.

ஹாலில் ஒரே ஒரு ஸ்பீக்கர். எட்டு அங்குலக் காகிதக் கூம்பு. கனத்த ஒலி, மெல்லிய ஒலி எல்லாவற்றையும் அது ஒன்றே பாட வேண்டும். பாடியது. நடுவில் மட்டும் குத்தியது. பெண் குரல் வந்தால் போதும், காதில் ஊசி.

நாலு மாதமாக அதோடு மல்லுக்கட்டுகிறான். பெட்டிக்குள் கம்பளித் துணி ஒட்டினான். கூம்பின் மேல் தண்ணீர் கலந்த பசை தடவினான். இப்போது சுருள், கண்டென்சர், ரெசிஸ்டர் மூன்றையும் சேர்த்து ஒரு ஃபில்டர். குத்துகிற இடத்தை மட்டும் அது அமுக்குமாம்.

சோதிப்பதற்கு அவள் குரல்.

ஞாயிறுதோறும் செய்தித்தாளிலிருந்து நாலு வரி வாசித்துப் பதிந்து கொடுப்பாள். என்ன வாசித்தாள் என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. போன வாரம், அவர்கள் தெருவுக்கு இரண்டு நாள் தண்ணீர் வராது என்ற செய்தியை இருபது முறை கேட்டான். மறுநாள் சோப்புப் போட்ட முகத்தோடு குளியலறையிலிருந்து, "ஏன் தண்ணி வரல?" என்று கத்தினான்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாளுக்கு முன் உத்தரவு வந்திருந்தது. க. துளசிமணி, கணித ஆசிரியை. தாளவாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. கோயமுத்தூரிலிருந்து மலையேறிப் போக வேண்டும். ஆறு வருடம் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. நாளைக்குள் சேராவிட்டால் உத்தரவு செல்லாது.

வந்த அன்றே சொன்னாள். "எதுக்கு இப்படிக் கத்தறே? மெதுவாச் சொல்லு" என்றான்.

மறுநாள் மெதுவாகச் சொன்னாள். ம் என்றான். உத்தரவு வந்த உறையை எடுத்து அதன் பின்பக்கத்தில் ஃபில்டரின் படம் வரைய ஆரம்பித்தான்.

உரக்கச் சொன்னால் குத்துகிறது. மெதுவாகச் சொன்னால் கேட்பதில்லை.

செய்தித்தாளை மடித்து வைத்தாள். போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மூச்சு விடாமல் மூன்று வரி பேசினாள்.

கதவைத் திறந்து போனைக் கொடுத்தாள்.

அவன் ஸ்பீக்கரின் ஒயரைப் போனில் செருகினான். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான்.

"நாளைக்கு நான் வேலைல சேரோணும். நீங்க செரின்னாலும் போறேன். வேண்டாம்னாலும் போறேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் முகம் சுளித்தான்.

"சேரோணும்கிற எடத்துல குத்துது" என்றான்.

எழுந்து போய் ஒரு ரெசிஸ்டரை மாற்றினான்.

மறுபடி கேட்டான். மாற்றினான். மறுபடி.

பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர், பிழிந்த துண்டைக் கையில் வைத்தபடி பால்கனியிலேயே நின்றுவிட்டார். அவருக்குக் கேட்டுவிட்டது.

ஒவ்வொரு முறையும் அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. ஐந்தாவது முறை அது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. ஒன்பதாவது முறை அனுமதி கேட்பதுபோல் இருந்தது. இன்னும் இரண்டு ரெசிஸ்டர் மாற்றினால் போகவே மாட்டோம் என்று அவளுக்குப் பயம் வந்தது.

"இப்பப் பாரு. எத்தன எதமா இருக்குது" என்றான், கண்ணைத் திறக்காமல்.

மேஜையில் இரு முனையிலும் கிளிப் வைத்த சிவப்பு ஒயர் கிடந்தது. ஃபில்டரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதைக் கவ்வவிட்டால் ஃபில்டர் இல்லாததுபோல்தான். வித்தியாசம் காட்டுகிறேன் என்று அவளைக் கூப்பிட்டு அவனே பலமுறை மாட்டிக் காட்டியிருக்கிறான்.

மாட்டினாள்.

சத்தத்தையும் கூட்டி, பதிவை மறுபடி ஓடவிட்டாள்.

நாளைக்கு நான், என்று ஆரம்பித்தது குரல். குத்தியது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அவன் துள்ளி எழுந்தான். கிளிப்பைப் பிடுங்கக் கை நீட்டினான். அங்கே அவள் கை இருந்தது.

"முழுசாக் கேளுங்க."

கேட்டான். கடைசி வரி வரைக்கும் கேட்டான். அது முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றான்.

அவளைப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த உறையை எடுத்துத் திருப்பினான். அவள் பெயரை வாசித்தான். உதடு அசைந்தது.

உறைக்குள் விரல் விட்டுப் பார்த்தான்.

ஒன்றும் இல்லை.