சுரங்கப்பாதை மாப்பிள்ளை

"டனலை 'மேக்' பண்ணக் கூடாதும்மா, 'டிக்' பண்ணணும். மாத்திச் சொன்னே, மானம் பூடும்!" அடுப்படிக்குள் வந்து கிசுகிசுத்தார் அருள்தாஸ்.

ஜெயசீலி டீ தட்டைக் கையில் எடுத்தாள். பி.எஸ்ஸி. படித்த பெண் வாயே திறக்கவில்லை என்று சொல்லி, இதற்கு முன் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் கோவில்பதாகையிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தார்கள். இந்த இடமும் தட்டிப்போனால் அப்பா உடைந்துபோவார்.

வரனைக் கொண்டுவந்தவள் ரோஸி அத்தை. "பையன் பேரு பால்ராஜ். பத்து வருசமா சுரங்கப்பாதையிலதான் கீறாரு. கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது" என்றாள்.

சுரங்கம் தோண்டும் இன்ஜினீயரிடம் இங்கிலீஷில் பேச வேண்டுமே என்று மறுநாளே மகளை ஆவடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிட்டார் அருள்தாஸ். சுரங்கம் தோண்டுவது, அதற்குள் நுழைவது, அது இடிந்து விழுவது, கடைசியில் வெளிச்சம் தெரிவது என்று வாத்தியார் பதினைந்து வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் உருப்போட்டாள் ஜெயசீலி.

இப்போது கூடத்தில் வந்து நின்றதும் பதினான்கு பறந்துவிட்டன. மிச்சமிருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"ஹவ் லாங் இஸ் யுவர் டனல்?"

பால்ராஜ் திருதிருவென்று விழித்தார். "சுரங்கப்பாதை எம்மா நீளம்னு கேக்குதுப்பா பொண்ணு" என்றாள் அத்தை.

"அதுவா? ரெண்டு நிமிசம் நடந்தா அந்தாண்ட வந்துடலாம்."

இங்கிலீஷ் தெரிந்தும் தமிழில் பதில் சொல்கிறாரே, எவ்வளவு அடக்கம் என்று பூரித்துப்போனார் அருள்தாஸ்.

"லைட்..." என்று தொடங்கிய ஜெயசீலிக்கு மேலே ஓடவில்லை.

"லைட்டா? பாதி டியூப்பு எரியாதுங்க."

அருள்தாஸுக்குக் கவலை வந்துவிட்டது. "ஆபத்தான வேலையாச்சே தம்பி! இடி கிடி உண்டா?"

"சாயங்காலம் ஆபீஸ் உட்டா ஒரே இடிதாங்க. நிக்க முடியாது. மழை வந்தா தண்ணி பூந்துக்கும், அன்னிக்கு வேலையே நடக்காது."

"ஐயையோ! உள்ள மாட்டிக்கினவங்க கதி?"

"அவுங்களுக்கு இன்னா? நம்ம கால மிதிச்சிட்டுப் போய்கினே இருப்பாங்க."

அருள்தாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். "கர்த்தர்தான் காப்பாத்தணும். அடுத்து எந்த மலையத் தோண்டப் போறீங்க தம்பி?"

பால்ராஜ் டீயைக் கீழே வைத்தார்.

"மலையா? எனக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் சுரங்கப்பாதையில பெல்ட்டு, பர்ஸ் கடைங்க."

அருள்தாஸ் தங்கையை முறைத்தார். ரோஸி அத்தை மின்விசிறியைப் பார்த்தாள்.

ஜெயசீலிதான் பேசினாள், அடுத்த வீடு வரை கேட்கும்படி.

"சம்மதம்னு சொல்லிடுப்பா. இவருகிட்ட தமிழ்லயே பேசலாம்!"